குறையாக வந்து நிற்கும் திறமை

ஜாய் மில்ன் தன் கணவரிடம் முதலில் சொன்னது ஒரு குறைதான். ஒழுங்காகக் குளிப்பதில்லை, பல் துலக்குவதில்லை, உடம்பிலிருந்து ஒரு வாடை வருகிறது என்றார். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் வாழ்ந்த தம்பதி அவர்கள். கணவர் லெஸ் மயக்கவியல் மருத்துவர், மனைவி செவிலியர். பதின்வயதிலிருந்தே பழகியவர்கள் என்பதால், அவருடைய இயல்பான மணம் எது என்பது ஜாய்க்கு நன்றாகத் தெரியும். லெஸ்ஸுக்கு முப்பது வயது கடந்தபோது அந்த மணம் மாறியது. கஸ்தூரியையும் புளித்த மாவையும் சேர்த்தாற்போன்ற ஒரு நெடி. அவரோ நன்றாகத்தான் குளித்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் வந்தது. வேறு யாருக்கும் அந்த நெடி எட்டவில்லை. நாளடைவில் ஜாய் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 45 வயதில், லெஸ்ஸுக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். அப்போதும் யாரும் அதை அந்த வாடையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பார்க்கின்சன் நோயாளிகளும் அவர்களது குடும்பத்தாரும் கூடும் ஒரு சந்திப்புக்கு இருவரும் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே ஜாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் இத்தனை காலம் அவர் முகர்ந்துவந்த அதே நெடி அங்கிருந்த மற்ற நோயாளிகளிடமிருந்தும் வந்துகொண்டிருந்தது.

2012-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டிலோ குனாத் பார்க்கின்சன் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கேள்வி நேரத்தில் ஜாய் எழுந்து, இந்த நோயின் வாடையைக் கொண்டு ஏன் நோயைக் கண்டுபிடிப்பதில்லை என்று கேட்டார். பார்க்கின்சன் வந்தவர்களுக்கு முகரும் திறன் குறைந்துபோகும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. நோயாளியின் உடலிலிருந்தே வாடை வரும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. குனாத் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சக ஆய்வாளர் ஒருவர், நாய்கள் புற்றுநோயை முகர்ந்து காட்டுவதை நினைவூட்டி, அந்தப் பெண்ணைத் தேடிப் பிடியுங்கள் என்றார். அதன்பின்தான் குனாத் ஜாயைத் தேடிப் போனார்.

அவர் வைத்த சோதனை எளிமையானது. பார்க்கின்சன் உள்ள ஆறு பேர், இல்லாத ஆறு பேர். பன்னிரண்டு பேரும் டி-ஷர்ட் அணிந்து, அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜாய் ஒவ்வொன்றாக முகர்ந்தார். நோயுள்ள ஆறு பேரின் சட்டைகளையும் சரியாகச் சொன்னார். கூடவே, நோயில்லாத ஒருவரின் சட்டையையும் எடுத்து, இவருக்கும் நோய் இருக்கிறது என்றார். அவர் விடாப்பிடியாக நின்றும் அதைப் பிழை என்றே எழுதிக்கொண்டார்கள். 12-க்கு 11. ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து அந்தப் பன்னிரண்டாவது ஆள் குனாத்தைத் தொடர்புகொண்டார்: தனக்கு பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு ஆம், இல்லை என்று பன்னிரண்டு முறை சொல்லி, பன்னிரண்டும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 4,096-ல் 1. குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக்கூடிய எண் அல்ல இது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்னச் செய்தி. வாடை அக்குளில்தான் அதிகம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள். ஜாய் காட்டிய இடமோ சட்டையின் கழுத்துப்பட்டையும் மேல்முதுகும். அங்கே வியர்வையைவிடச் சீபம் எனப்படும் எண்ணெய்ப் பசைதான் அதிகம் சுரக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் தோலில் எண்ணெய்ப் பசை கூடுவது மருத்துவர்கள் முன்பே கவனித்த ஒன்று. எங்கே தேட வேண்டும் என்பதை ஒரு மூக்கு காட்டிக்கொடுத்த பிறகு, மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியலர் பெர்டிடா பாரன் குழுவினர் நோயாளிகளின் மேல்முதுகைத் துடைத்தெடுத்த பஞ்சிலிருந்து மூலக்கூறுகளைப் பிரித்தார்கள். வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே அனுப்பும் ஒரு கருவி இதற்குப் பயன்பட்டது. ஒரு பக்கம் அவை அளவிடப்பட, இன்னொரு பக்கத் துளையில் ஜாய் மூக்கை வைத்து அமர்ந்திருந்தார். அந்தக் கஸ்தூரி நெடி வரும் நேரத்தை அவர் சொல்ல, அந்த நேரத்தில் கருவியில் என்ன வெளிவந்தது என்று பார்த்தார்கள். 2019-ல் முடிவுகள் வெளியாயின. ஐக்கோசேன், ஆக்டாடெக்கனல் போன்ற பொருள்களின் அளவு நோயாளிகளிடம் மாறியிருந்தது. லெஸ் 2015-லேயே காலமாகிவிட்டார்.

இந்த வாடை ஏன் இவ்வளவு முக்கியம்? 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதினார். இன்றும் பெரும்பாலும் மருத்துவர்கள் நடையையும் கை நடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் கை நடுங்கத் தொடங்கும்போது, நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்புச் செல்களில் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். லெஸ்ஸின் உடம்பு அதற்குப் பத்தாண்டு முன்பே தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். தனக்கு அப்படி ஒரு திறமை இருப்பது அவருக்கே தெரியாது.

நம்மைச் சுற்றியுள்ளவர்களின் மறைந்த திறமைகளைப் பற்றிப் பேசும்போது, அவை எங்கோ ஆழத்தில் புதைந்து கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஜாய் மில்னின் கதையில் எதுவும் புதைந்து கிடக்கவில்லை. வாய்விட்டே சொல்லப்பட்டது, சச்சரவுக்கும் காரணமானது. அது திறமை என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். புலன்சார்ந்த பல திறமைகள் இப்படித்தான் முதலில் ஒரு குறையாகவோ சங்கடமாகவோ வெளிப்படுகின்றன. அதற்கு உடலியல் காரணம் உண்டு.

மனித மூக்கில் மணங்களை வாங்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு. எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுடைய ஏற்பிகளில் 30 சதவீதத்துக்கு மேல் செயல்படும் விதத்தில் வேறுபடுகின்றன என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே சமையலறையில் நிற்கும் இரண்டு பேர் ஒரே மணத்தை முகர்வதில்லை. கொத்தமல்லித்தழையில் சிலருக்கு சோப்பு வாடை அடிப்பதற்கும் இப்படிப்பட்ட ஒரு மரபணு வேறுபாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் நான் முகர்வதை நீங்கள் முகர முடியாது. ஆகவே என் மூக்குக்குத் தெரிவதுதான் எல்லாருக்கும் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டு வாழ்நாளையே கழித்துவிடலாம்.

அந்த நம்பிக்கை உடைந்த ஒரு தருணம் அறிவியல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1931-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர் ஃபினைல்தயோகார்பமைடு என்னும் தூளைக் குடுவையில் கொட்டிக்கொண்டிருந்தார். தூள் காற்றில் பறந்தது. அருகிலிருந்த சக ஆய்வாளர், கசப்பு தாங்கவில்லை என்றார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நாவில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கடுங்கசப்பு, மற்றவருக்கு வெறும் தூள். பிறகு பலருக்கும் கொடுத்துப் பார்த்ததில் உலகமே இப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரிந்தது. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு 2003-ல்தான் அடையாளம் காணப்பட்டது. முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துக் காய்கறிகளில் இதே ஏற்பியைத் தூண்டும் பொருள்கள் இருக்கின்றன. கோஸ் பொரியல் கசக்கிறது என்று தட்டை ஒதுக்கும் குழந்தையை அடம் பிடிக்கிறது என்று அதட்டுவதற்கு முன், அதன் நாக்குக்கு அது மெய்யாகவே கசக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூக்கும் நாக்கும் மட்டுமல்ல. முகங்களை நினைவில் வைத்திருப்பதிலும் மனிதர்களுக்குள் இதே அளவு இடைவெளி இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பிராட் டுஷேன், கென் நகயாமா ஆகியோர் முகங்களை அடையாளம் காணவே முடியாத குறைபாடு உடையவர்களை ஆராய்ந்துவந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு அந்தக் குறைபாடு இருப்பதாகக் கணிப்பு. இந்த ஆய்வைக் கேள்விப்பட்ட சிலர், எங்கள் நிலை இதற்கு நேர்மாறு என்று ஆய்வாளர்களைத் தொடர்புகொண்டார்கள். அவர்களில் நான்கு பேரைச் சோதித்து, ரிச்சர்ட் ரஸ்ஸலும் மற்ற இருவரும் 2009-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பிரபலங்களின் குழந்தைப் பருவப் படங்களைக் காட்டி யார் என்று கேட்பது சோதனைகளில் ஒன்று. நான்கு பேரும் மற்றவர்களைவிட வெகு தூரம் முன்னே இருந்தார்கள்.

அந்த நான்கு பேர் சொன்ன அனுபவங்கள்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். எப்போதோ ஒரு கடையில் எதிர்ப்பட்டவரைப் பல ஆண்டு கழித்துத் தெருவில் பார்த்தாலும் அவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். போய்ச் சொன்னால் எதிரில் இருப்பவர் மிரண்டுபோவார். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நினைப்பார். அதனால் தெரியாதவர்போல நடிக்கப் பழகிக்கொண்டதாக ஒருவர் சொன்னார். திறமையை மறைத்துக்கொள்வதே ஒரு நாகரிகமாகிவிட்டது. இப்படி எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களோ!

இந்த முகநினைவுத் திறன் பழக்கத்தால் வருவதில்லை என்பதற்கு வலுவான சான்று உண்டு. 2010-ல் இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வில், ஒருகரு இரட்டையர்களின் முகநினைவு மதிப்பெண்களுக்கிடையே ஒற்றுமை 0.70, இருகரு இரட்டையர்களிடம் 0.29. முழு ஒற்றுமை என்றால் 1. மரபணுவின் பங்கு மிகப் பெரிது என்பது இதன் பொருள். 2014-ல் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு அலுவலர்களிடம் நடந்த சோதனை இன்னும் கூர்மையானது. எதிரில் நிற்பவரும் படத்தில் இருப்பவரும் ஒருவர்தானா என்று சொல்ல வேண்டும். வேறொருவரின் படத்தை 14 சதவீத நேரங்களில் அலுவலர்கள் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். படங்களை ஒப்பிட்டுச் சொல்வதில் எந்தப் பயிற்சியும் இல்லாத மாணவர்களை அவர்கள் மிஞ்சவில்லை. இருபதாண்டு வேலை பார்த்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒன்றுபோலவே தவறினார்கள். அதே அலுவலகத்தில் பிழையே செய்யாத சிலரும் இருந்தார்கள். அவர்கள் யார் என்பது சோதித்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

லண்டன் காவல்துறை இத்தகைய திறமையை முன்பே பயன்படுத்திக்கொண்டது. 2011 கலவரத்தின்போது பதிவான ஆயிரக்கணக்கான கேமரா படங்களை வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடியபோது, ஒரு காவலர் மட்டும் 180 பேரை அடையாளம் காட்டினார். இப்படிப்பட்டவர்களைக் கொண்டு பின்னர் தனிப் பிரிவே அமைத்தார்கள். மக்கள்தொகையில் இவர்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றும் தமிழ்நாடு காவல்துறையில் அந்தக் கணக்குப்படி ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களில் பலர் இப்போது போக்குவரத்தைச் சீர்செய்துகொண்டோ கோப்புகளை அடுக்கிக்கொண்டோ இருக்கலாம். கண்டறிய ஒரு மணி நேரத் தேர்வு போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மேலைநாடுகளில் உருவான தேர்வுகளில் பெரும்பாலும் வெள்ளையர் முகங்களே இருக்கின்றன. தன் இனத்தவர் முகங்களை அடையாளம் காண்பது யாருக்கும் எளிது. ஆகவே நம் முகங்களைக் கொண்டே நமக்கான தேர்வை உருவாக்க வேண்டும்.

பிறவியில் வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். சுற்றியிருப்போர் கண்ணுக்கு முன்னால் நடந்தும், திறமை என்று மதிக்கப்படாமலேயே போகும் இன்னொரு வகை உண்டு. அது கற்றுச் சேர்த்த நுட்பம். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த அவர்களுடைய பிழைப்பு, 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முடங்கியது. பாம்பியலாளர் ராமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு பழகி, அந்தப் பாம்பறிவின் மதிப்பை உணர்ந்தவர். 1978-ல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது.

அந்தப் பாம்பறிவுக்குக் கடல்கடந்தும் வேலை வந்தது. அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த பாலூட்டிகளைத் தின்று தீர்த்துவந்தன. 2016-ல் பரிசுத்தொகை அறிவித்துப் போட்டி நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடிப் பிடித்தவை 106. மறு ஆண்டு மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். அந்தக் காடும் அந்தப் பாம்பும் இருவருக்கும் புதியவை. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் கிடந்த 16 அடிப் பெண்பாம்பு. மற்ற வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் சாலையோரமாக வண்டியில் போய்க்கொண்டே பாம்பைத் தேடுவார்கள். இவர்கள் கடப்பாரையோடு புதருக்குள் நடந்து, பாம்பு போன தடத்தையும் எச்சத்தையும் உரித்துப்போட்ட சட்டையையும் தேடினார்கள். பாம்பு நம் கண்ணில் படுவது அபூர்வம். அது விட்டுப்போகும் தடயம் அப்படி அல்ல. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அமெரிக்கா போய்வந்த பிறகு கிடைத்த மரியாதை அது. இருளர்களின் இந்தக் கண் தலைமுறைகளாக நம் பக்கத்திலேயே இருந்தது. எலி பிடிப்பவர், பாம்பு பிடிப்பவர் என்ற பெயருக்குள் நாம் அதை அடைத்து வைத்திருந்தோம். எனக்கு இது வலிக்கிறது. ஒரு சாதிப்பெயரோ தொழிற்பெயரோ சொன்னவுடன் அந்த மனிதரைப் பற்றிக் கேட்க இனி எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். நம் ஊரில் திறமைகளை மறைத்து வைத்திருப்பதில் மரபணுவைவிட அந்தப் பழக்கத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். காதில் விழும் குறைகளை ஒருமுறை வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். பால் இன்னும் அடுப்பேறவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு இது திரியப்போகிறது என்று சொல்லும் அத்தை. ஃபேன் சத்தம் மாறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் தாத்தா. அடுத்த வாரம் பேரிங் போய்விடுகிறது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்ததும், “பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துல சாம்பார் ஊத்தினாரே, அவருதான் இவரு” என்று சொல்லும் தங்கை. நாம் அலுத்துக்கொள்கிறோம், அல்லது சிரிக்கிறோம். இவற்றில் பல வெறும் பேச்சாகவே இருக்கலாம். தன் முகநினைவு எப்படிப்பட்டது என்று மனிதர்கள் தாங்களே போடும் மதிப்பெண்ணுக்கும் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் பொருத்தம் அவ்வளவாக இருப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெருமையடிப்பவரிடம் ஒன்றும் இல்லாமல் போகலாம். வாயைத் திறக்காதவரிடம் எல்லாம் இருக்கலாம். ஆகவே சோதித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

உதாரணத்துக்கு, இந்தக் கடை நல்லெண்ணெயில் ஏதோ கலப்படம், வாடையே சரியில்லை என்று அம்மா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான ஐந்து டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் அவர் ஒப்புக்கொள்ளும் எண்ணெய், ஒன்றில் சந்தேகப்படும் எண்ணெய். அடியில் எண் ஒட்டி, இடம் மாற்றி வைத்துவிட்டு, ஊற்றியவர் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். விடை தெரிந்தவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் துப்புக் கொடுக்காமலிருக்க அம்மாவின் கண்ணை மூடிவிட்டு, வேறொருவர் டம்ளரை நீட்டட்டும். ஊகத்தில் ஒருமுறை சரியாகச் சொல்ல வாய்ப்பு 5-ல் 1. வரிசையை மாற்றி மூன்று முறை வைத்து மூன்றிலும் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நடக்க வாய்ப்பு 125-ல் 1 மட்டுமே.

அடுத்து, சந்தேக எண்ணெய் ஒரு கரண்டிக்கு நல்ல எண்ணெய் நான்கு கரண்டி கலந்து வையுங்கள். பிறகு ஒன்றுக்கு ஒன்பது. எந்த விகிதத்தில் அவர் தவறத் தொடங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆய்வகத்தில் முகர்திறனின் எல்லையை அளப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். கடைசியாக, அதே டம்ளர்களை வீட்டில் மற்றவர்களுக்கும் நீட்ட வேண்டும். எல்லாரும் சரியாகச் சொன்னால் குறை எண்ணெயில். கடையை மாற்றினால் போதும். அவர் ஒருவர் மட்டும் ஒன்றுக்கு ஒன்பதிலும் தவறாமல் சொன்னால், இத்தனை ஆண்டுகளாக அவர் வேறு என்னென்ன வாடைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.